எழுதாத இருபத்தாறு நாட்கள்

என் கடையில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடுவதில்லை. இது நான் வைத்த சட்டம் இல்லை, கம்ப்யூட்டர் வைத்தது. ரேஷன் கார்டுக்கோ சாதிச் சான்றிதழுக்கோ விண்ணப்பம் போடும்போது ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது, சிவப்பு எழுத்தில் திட்டும். அதனால் இருபது வருஷமாகத் தெரியாத கட்டத்தில் ஒரு சைபரைத் தட்டிவிட்டு மேலே போய்க்கொண்டிருக்கிறேன். பழைய கார்டு எண் ஞாபகம் இல்லையா, சைபர். வருமானம் சொல்ல வெட்கமா, சைபர். ஏன் சைபர் போட்டாய் என்று ஒருவரும் திரும்பி வந்து கேட்டதில்லை. பெனிஸ்டன் வீட்டு விஷயத்தில்தான் அந்தப் பழக்கம் என் மூஞ்சியில் கரியைப் பூசியது.

என் பெயர் செல்வதுரை. சொந்த ஊர் சாத்தான்குளம். தூத்துக்குடியில் திரேஸ்புரம் போகிற ரோட்டில் ஜெராக்ஸ் கடை. கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு எண்களைக் கொண்டுவந்து கொட்டினால், அதைப் படமாக்கி, ஊடே ஒரு கோட்டையும் இழுத்துக் கொடுப்பேன். உப்பளத்துத் தண்ணீர், கடல் சூடு, பண்ணை இறாலின் எடை, எது வந்தாலும் எனக்கு ஒன்றுதான். கோடு எங்கே போகிறது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும். கோடு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் என் கவலை.

பெனிஸ்டன் வீடு கடைக்குப் பின்னால் மூன்றாவது வீடு. துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவன். ஓட்டினவன் என்று சொல்ல வேண்டும். கிரேன் என்றால் பழுதான லாரியை இழுத்துப் போகிறதே, அது இல்லை. ஏழெட்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே கப்பலின் வயிறு தெரியும் என்பான். பெரிய இரும்பு பக்கெட் வாயைப் பிளந்து உள்ளே இறங்கும், கரியைக் கவ்விக்கொண்டு ஏறும், கப்பலின் மேல்தட்டில் நிற்கிற ஆட்களைத் தாண்டிச் சுற்றிப் போய்க் கரையில் கொட்டும். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த பக்கெட் ஊஞ்சல் ஆடும். அதை ஆடவிடாமல் நிறுத்தப் பெனிஸ்டனை விட்டால் ஆளில்லை என்று கம்பெனியில் சொல்வார்களாம். சொன்னது பெனிஸ்டன்தான், ஆனாலும் நான் நம்பினேன்.

போன ஜூன் மாதம் அந்தக் கூண்டுக்குள் அவனுக்குக் கிறக்கம் வந்துவிட்டது. நாலு வருஷமாகச் சுகர் உண்டு. பக்கெட் நிறையக் கரியோடு அந்தரத்தில் இரண்டு நிமிஷம் அப்படியே நின்றதாம். கீழே இருந்தவர்கள் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கம்பெனி டாக்டர் அவனைக் கீழே இறக்கிவிட்டார். கப்பல் தட்டில் நின்று கொடியும் வயர்லெஸ்ஸும் வைத்து, மேலே இருப்பவனுக்கு சிக்னல் கொடுக்கிற வேலை. தொண்ணூறு நாள் தினமும் காலையில் வெறும் வயிற்றில் சுகர் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், அதைப் படமாகப் போட்டுக் கொண்டுவர வேண்டும், பார்த்துவிட்டு மேலே ஏற்றுவதா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றாராம்.

அக்டோபர் முதல் வாரம் அந்த நோட்டோடு அவன் மனைவி அல்போன்சா கடைக்கு வந்தாள். மார்க்கெட் போய்விட்டு நேராக வந்திருந்தாள், கூடையில் சாளை மீன். நோட்டை மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"அண்ணாச்சி, இத ஒரு கிராப்பா போட்டுத் தரணும். வியாழக்கிழமை டாக்டரம்மாகிட்ட காட்டணும். கோடு நேரா இருந்தாத்தான் இவுகள மேல ஏத்துவாவளாம்."

"கோடு நேரா இருக்கது என் கையிலயா இருக்கு?"

"நீங்க போடுத கோடுதான?"

நோட்டைப் பிரித்தேன். ஜூலை ஒன்றிலிருந்து செப்டம்பர் இருபத்தெட்டு வரை, வரிக்கு ஒரு தேதி, பக்கத்தில் ஒரு எண். 118, 124, 115, 127. நல்ல உருண்டையான எழுத்து.

"நீதான் எழுதினியா?"

"நாந்தான். இவுக விரல நீட்டுவாவ, அம்புட்டுதான்."

"ஊட ஊட விட்டுப்போயிருக்கே."

"விட்டுப்போகல அண்ணாச்சி. அது பாக்காத நாளு."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வாசலில் ஆதார் கார்டோடு நாலு பேர் நின்றார்கள். சரி, சாயங்காலம் வா என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு எண்களை ஏற்றினேன். எண் இல்லாத நாள் வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போய்ச் சைபரைத் தட்டியது. இருபத்தாறு சைபர். படம் வந்தது, கோடு இழுத்தேன், சராசரி 86 என்று அடியில் கொட்டை எழுத்தில் போட்டு பிரிண்ட் எடுத்தேன்.

பெனிஸ்டன் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தான். குளித்தாலும் போகாத கரி கண் இமைகளில் மை தீட்டினதுபோல இருந்தது. தாளை வாங்கினதும் அடியில் உள்ள எண்ணைத்தான் பார்த்தான்.

"எண்பத்தாறா? அண்ணாச்சி, எண்பத்தாறுங்கது கல்யாண மாப்பிள்ளைக்கு இருக்க சுகர்லா. ஏளா அல்போன்சா, இங்கன வந்து பாரு."

அவள் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். மேலே ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று தரைக்கு விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது.

"இது என்ன அண்ணாச்சி, விழுந்து விழுந்து எந்திரிக்கி?"

"அது நீ எழுதாத நாளும்மா."

"எழுதலேன்னா சைபரா? சைபர்னா ஆளு செத்துட்டாருன்னுல்லா அர்த்தம். இருபத்தாறு நாளு எம் புருசன் செத்துப் பொழைச்சாராக்கும்?"

நான் சிரித்தேன். பெனிஸ்டனும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்நேரம் பள்ளிக்கூடம் விட்டு என் மனைவி இன்பமணி வந்தாள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். என்ன ஏது என்று கேட்டாள், தாளைத் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். முப்பது வருஷமாக அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.

"சுகர் சைபரா இருக்க ஆளு தாளை வாங்க எப்பிடி கடைக்கு வந்தாரு?"

கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. சைபர்களை அழித்தேன். எண் இல்லாத நாட்களை விட்டுவிடு, இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் சேர்த்துவிடு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினதும் கோடு ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. சராசரி 121. ஊடே இழுத்த கோடு அடிமட்டம் வைத்துப் போட்டமாதிரி நேராகப் போனது.

"இதுதான் அண்ணாச்சி கோடு," என்றான் பெனிஸ்டன். "நூத்திமுப்பதுக்குக் கீழ இருந்தாப் போதும்னாவ டாக்டரு. நூத்தியிருபத்தொண்ணு."

"அந்த இருபத்தாறு நாளும் என்னாச்சு?" என்று கேட்டாள் இன்பமணி.

"என்ன மைனி, பாக்கல, அவ்வளவுதான். அன்னைக்கும் இதே மாதிரிதான் இருந்திருக்கும். கோடு எப்பிடி போவுதுன்னு பாருங்க."

"இருந்திருக்கலாம். எங்க கிளாஸ்ல பரீட்சைக்கு வராதவங்களுக்கு நான் சைபர் போட மாட்டேன், ஆப்சென்ட்னுதான் போடுவேன். அதுக்காக அவங்களும் மத்தவங்க மாதிரி அறுபது எழுபது வாங்கியிருப்பாங்கன்னு போட முடியுமா? படிச்ச பிள்ளைக்குப் பரீட்சை அன்னைக்கு வயித்துவலி வாரதே இல்ல. படிக்காததுக்குத்தான் வருது."

பெனிஸ்டனுக்கு முகம் மாறியது. தாளை உருட்டிக்கொண்டான். "மைனிக்கு எல்லாத்துலயும் சந்தேகம்," என்று சொல்லிவிட்டு இறங்கினான். அல்போன்சா அவன் பின்னால் போனாள். ரோட்டைக் கடக்கும்போது ஒரு தடவை திரும்பி என் கடையைப் பார்த்தாள்.

அன்றைக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே நினைத்துப் பார்த்தேன். மூன்று மாதத்து எண்கள், ஒரே நோட்டு. ஒரு பட்டனைத் தட்டினால் ஆள் செத்துச் செத்துப் பிழைக்கிறான், இன்னொன்றைத் தட்டினால் ஆளுக்கு ஒன்றுமே இல்லை. எது பெனிஸ்டன்? இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்த படங்களில் எத்தனை இறால் இப்படிப் போயிருக்கும் என்று வேறு யோசனை ஓடியது.

மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெனிஸ்டன் டூட்டிக்குப் போயிருந்தான். அல்போன்சா குசினியில் மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நல்ல புழுக்கம். கடற்காற்று செத்துப்போய், மழை வருமா வராதா என்று தெரியாத அந்த புரட்டாசிப் புழுக்கம்.

"அல்போன்சா, அந்த நாளெல்லாம் ஏன் பாக்கலன்னு ஒவ்வொண்ணா சொல்லுதியா? டாக்டர் கேட்டா சொல்லணும்லா."

அவள் கையைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்து வந்தாள். நான் பென்சிலை எடுத்தேன்.

"ஜூலை பத்துலருந்து பதிமூணு?"

"ஆலந்தலையில எங்க மதினி மகளுக்குக் கல்யாணம். மிஷின எடுத்துட்டுப் போக மறந்துட்டோம்."

"ஆகஸ்ட் அஞ்சு?"

"என்ன அண்ணாச்சி, மாதா திருநாள்லா. அன்னைக்கு யாரு சுகர் பாப்பா?"

"பத்தொம்பதுலருந்து அஞ்சு நாளு?"

"குத்திப் பாக்க ஸ்டிரிப் தீந்துட்டு. கடையில வரலேன்னாவ."

செப்டம்பரில் இரண்டு நாள், பெனிஸ்டன் கோபத்தில் விரலை நீட்ட மாட்டேன் என்றிருக்கிறான். ஆக பன்னிரண்டு நாளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எல்லாம் வீட்டில் நடக்கிறதுதான். மிச்சம் பதினாலு. அவற்றைச் சொல்லச் சொல்ல அவள் பதில் குறைந்துகொண்டே வந்தது. "ஜூலை இருபத்தொண்ணா, அன்னைக்கு முடியல." "இருபத்தாறு, அன்னைக்கும் முடியல." "ஆகஸ்ட் பதினொண்ணு..." அதற்கு எழுந்து போய்ப் புளித்தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள்.

குசினிச் சுவரில் கோயில் காலண்டர் தொங்கியது. மாசத்துக்கு ஒரு தாள். நாள் ஞாபகம் வரட்டும் என்று அதை எடுத்து ஆகஸ்ட் தாளைப் புரட்டினேன். பதினொன்றாம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னச் செங்குத்துக் கோடு, அதன் தலையில் ஒரு புள்ளி. பதினாறில் ஒன்று. இருபத்தெட்டில் ஒன்று.

"இது என்ன, பால் கணக்கா?"

"அது மெழுகுதிரி அண்ணாச்சி."

"என்ன மெழுகுதிரி?"

"மாதாவுக்கு நேர்ந்தது. நேர்ந்தத மறந்துரக் கூடாதுல்லா, அதான் குறிச்சு வச்சிருக்கேன். வருசக் கடைசில எல்லாத்தையும் ஒண்ணாக் கொண்டுபோய்க் கொளுத்தணும்."

நாங்கள் வேதக்கோயில்காரர்கள், புராட்டஸ்டண்ட். எங்களுக்கு மெழுகுதிரி என்றால் கரண்ட் போனால் ஏற்றுகிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நோட்டையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஜூலை இருபத்தொன்று, நோட்டில் எண் இல்லை, காலண்டரில் மெழுகுதிரி. இருபத்தாறு, அங்கே இல்லை, இங்கே இருக்கிறது. விரலை வைத்துக்கொண்டே போனேன். காலண்டரில் மொத்தம் பதினொரு மெழுகுதிரி. பதினொன்றும் நோட்டில் எண் இல்லாத நாளில் போய் விழுந்தது.

"அல்போன்சா, எதுக்கு நேர்ந்த?"

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"விடியக்காலம் நாலு, நாலரை இருக்கும். பாயெல்லாம் நனைஞ்சிருக்கும் அண்ணாச்சி, வேர்வை. மேலத் தொட்டா ஐசு மாதிரி இருக்கும். கூப்பிட்டா கண்ண முழிப்பாவ, ஆனா நான் யாருன்னு தெரியாது. ஒருநாளு என்னயப் பாத்து, சிக்னலக் குடுவே, சிக்னலக் குடுவேங்காவ. நான் கருப்பட்டியத் தட்டித் தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா வாயில விடுவேன். மாதாவே, இவுக என்னயப் பேரு சொல்லிக் கூப்பிட்டா ஒரு மெழுகுதிரின்னு சொல்லிக்கிட்டே விடுவேன். கா மணி நேரத்துல தெளிஞ்சிரும்."

"அன்னைக்கு ஏன் சுகர் பாக்கல?"

"முதல்ல கருப்பட்டிய எடுக்கவா, மிஷின எடுக்கவா? தெளிஞ்ச பிறகு பாக்கலாம்னா, வெறும் வயித்துலதான் பாக்கணும்னு நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டாவ. வாயில கருப்பட்டி போயிட்டுல்லா. அதுக்குப் பொறவு பாத்து எழுதினா பொய்க்கணக்குல்லா. அதான் எழுதல."

இவள் ஒரு எண்கூடப் பொய்யாக எழுதவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள். எழுத முடிந்த நாளெல்லாம் அவன் நன்றாக இருந்த நாள். அவன் கெட்டுக் கிடந்த நாளெல்லாம் எழுத முடியாத நாள். கோடு நேராக இருந்ததற்கு இதுதான் காரணம்.

"பெனிஸ்டனுக்குத் தெரியுமா?"

"வேர்த்துச்சுன்னு தெரியும். கெட்ட கனவுன்னுவாவ. நானும் ஆமான்னுருவேன்."

"ராத்திரி என்ன சாப்பிடுதான்?"

"இந்த நோட்டு தொடங்கினதுலருந்து ஒரு தோசைதான். சில நாளு அதுவும் கிடையாது. நோட்டுல நம்பர் ஏறிரக் கூடாதாம். மாத்திரைய மட்டும் கரெக்டா போட்டுருவாவ." அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இப்ப அந்த நாளுக்கு நான் என்ன நம்பர் அண்ணாச்சி எழுதணும்?"

"தெரியலம்மா," என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. சைபர் இல்லை. 121ம் இல்லை. என் கோடு ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி 120ல் போகிறது. அன்றைக்கு அவனுக்குப் பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லை. மெழுகுதிரியை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது? மிச்சம் மூன்று நாளில் மெழுகுதிரியும் இல்லை, காரணமும் இல்லை. அவள் எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள், வரவில்லை.

பெனிஸ்டன் எப்போது வந்து நின்றான் என்று தெரியாது. கப்பல் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். காலண்டர் மேசையில் கிடப்பதைப் பார்த்தான்.

"அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணாச்சி? மாதாவுக்கு நேர்ந்தது வீட்டுக்குள்ள உள்ளது. டாக்டர் நோட்டத்தான் கேட்டாவ."

"ஏலே, பதினோரு நாளு..."

"நான் பொய் எழுதச் சொன்னனா? நோட்டுல இருக்கது ஒவ்வொண்ணும் நெசமா இல்லையா, சொல்லுங்க."

"நெசம்தான்."

"அப்பம் என்ன?" அவன் குரல் உயரவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "பதினாறு வருசம் மேல இருந்தவன் அண்ணாச்சி நான். இப்பம் கீழ நின்னுகிட்டு ஜாய்சனுக்குக் கொடி ஆட்டுதேன். அவனுக்கு நாந்தான் வேலை படிச்சுக் குடுத்தேன். பக்கெட்ட ஆடவிட்டுருதான், பாத்துக்கிட்டு நிக்கேன். கீழ நிக்கது எனக்கு ஆகல."

அல்போன்சா அவனுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். சோறு போட்டாள், சாளைக் குழம்பு ஊற்றினாள். அவன் பாதியில் கை கழுவிவிட்டான். நான் வந்துவிட்டேன். கடைக்குப் போய் இன்னொரு படம் எடுத்தேன். எண் உள்ள நாளுக்குப் புள்ளி, எண் இல்லாத நாளுக்கு வெறும் இடம். கோடு அங்கங்கே அறுந்து கிடந்தது. அதையும் பையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே தெளிவில்லை.

வியாழக்கிழமை என்னையும் கூப்பிட்டார்கள், படம் போட்டவர் கூட இருந்தால் நல்லது என்று. கம்பெனி டாக்டர் ஜெயஷீலா நாசரேத்துக்காரர், ஐம்பது வயசு இருக்கும், பேச்சு கொஞ்சம்தான். பெனிஸ்டன் நேர்கோட்டுப் படத்தைக் கொடுத்தான். டாக்டர் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"நல்லா இருக்கே பெனிஸ்டன். நூத்தியிருபத்தொண்ணு. ஆனா சில இடத்துல புள்ளி இல்லாம கோடு மட்டும் போகுது?"

"கொஞ்ச நாளு பாக்க விட்டுப்போச்சு டாக்டர்."

"சரி. எல்லாருக்கும் விட்டுப்போகும்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். என் மடியில் இருந்த பைக்குள் அறுந்த கோட்டுப் படம் இருந்தது. எடுக்க வேண்டியவன் நான்தான், படம் போட்டவன் நான்தான். கை பையின் ஜிப் வரைக்கும் போய் நின்றுவிட்டது. பக்கத்தில் பெனிஸ்டன் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மனுஷனின் வேலையில் நான் ஏன் கை வைக்க வேண்டும் என்று தோன்றியது. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"விட்டுப்போகல டாக்டர்," என்றாள் அல்போன்சா.

மடியிலிருந்த துணிப்பைக்குள் கையை விட்டு, சுருட்டி வைத்திருந்த காலண்டரை எடுத்தாள். ஆணியிலிருந்து கழற்றின நூல் அப்படியே தொங்கியது. மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு ஓரத்தில் டாக்டரின் டம்ளரை எடுத்து வைத்தாள். கல்யாணம், திருநாள், ஸ்டிரிப், மெழுகுதிரி, வேர்வை, சிக்னல், கருப்பட்டி, எல்லாவற்றையும் என்னிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னாள். பெனிஸ்டன் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் நோட்டையும் காலண்டரையும் நாள் நாளாக ஒத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் ஆனது. நடுவில் ஒரு தடவை "பதினோரு தடவையா?" என்று கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "மிச்சம் பதினாலு நாள்ல பதினொண்ணுக்குக் காரணம் வந்துட்டு, மூணுக்கு இல்லையே?" என்றார்.

"அது யாருக்கும் ஞாபகம் இல்ல டாக்டர்."

"அப்ப அது காலியாவே இருக்கட்டும். அதுல நாம எதையும் போட வேண்டாம்."

பிறகு பெனிஸ்டனிடம் திரும்பினார். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் விடியக்காலம் சுகர் இறங்கத்தான் செய்யும், ஜூன் மாதம் கிரேனில் வந்ததும் சுகர் இறங்கினதாகத்தான் இருக்கும் என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இன்னும் மூன்று மாதம் கீழேதான். ராத்திரி கட்டாயம் சாப்பிட வேண்டும். "வேர்த்தா முதல்ல இனிப்பு. முடிஞ்சா ஒரு குத்து குத்திப் பாருங்க, முடியலேன்னா நம்பரே வேண்டாம், என்ன நடந்ததுன்னு எழுதுங்க. வரியச் சும்மா விடாதீங்க."

வெளியே வந்ததும் பெனிஸ்டன் எங்களோடு நிற்கவில்லை. வந்த டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். அல்போன்சா காலண்டரை மறுபடி சுருட்டினாள்.

"நான் செஞ்சது சரியா அண்ணாச்சி?"

சரி என்று சொன்னேன். அவள் கேட்டது அது இல்லை என்று தோன்றியது. "இவுக என்னயக் காட்டிக்குடுத்தவன்னு நினைச்சிருவாவளோ?" என்றாள். நான் அடுத்த பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

ஒரு மாதம் அவன் என் கடைப் பக்கமே வரவில்லை. எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுவான். வீட்டிலும் பேச்சு இல்லை என்று இன்பமணி விசாரித்து வந்து சொன்னாள். ராத்திரி மூன்று தோசை வைத்தால் மூன்றையும் சாப்பிடுகிறானாம், விரலையும் நீட்டுகிறானாம், வாயை மட்டும் திறப்பதில்லையாம்.

கார்த்திகை பிறந்து வாடைக்காற்றும் மழையும் தொடங்கின பிறகு ஒரு நாள் மத்தியானம் பெனிஸ்டன் கடைக்கு வந்தான். நனைந்த சட்டை. கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றின புது நோட்டு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மழைக்குக் கப்பல் வேலை நிறுத்திவிட்டார்களாம்.

"இதுவரைக்கும் உள்ளத ஏத்திருங்க அண்ணாச்சி."

நான் நோட்டைப் பிரித்தேன். அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"தட்டுல நின்னா மேல இருக்கவன் முகம் தெரியாது, பாத்துக்கிடுங்க. கண்ணாடிதான் மினுங்கும். பக்கெட்டு நம்மளத் தாண்டிப் போம்போதெல்லாம், ஜாய்சன் காலைல சாப்பிட்டானா, ராத்திரி உறங்கினானான்னு எனக்கு ஓடுது. மேல இருந்த காலத்துல அப்பிடி ஒருத்தன் நம்மள நினைப்பான்னு நான் நினைச்சதே இல்ல."

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"ஜூன்ல தட்டுல இதே இடத்துல சிக்னலுக்கு நின்னது நல்லக்கண்ணு அண்ணன். எனக்கு அந்த ரெண்டு நிமிசம் ஞாபகமே கிடையாது அண்ணாச்சி. பக்கெட்டத் தூக்கினது தெரியும், அடுத்தால பாத்தா வயர்லெஸ்ல சத்தம். ஊட ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் எனக்கு. நேத்து அவரப் பிடிச்சு உக்கார வச்சுக் கேட்டேன், என்ன நடந்துச்சுன்னு."

"என்ன சொன்னாரு?"

"நேரா அவரு தலைக்கு மேல நின்னுச்சாம். ஒரு பக்கம் ஹேட்ச் பள்ளம், ஒரு பக்கம் கம்பி, நகர எடமில்ல. கரி பொல பொலன்னு மூஞ்சில விழுந்துச்சாம். மக பேரச் சொல்லிக்கிட்டே நின்னேன்னாரு. அஞ்சு மாசமா ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல. ஏன்னு கேட்டேன். நீ கேக்கலியேடேன்னாரு."

நோட்டில் எல்லாம் அல்போன்சாவின் உருண்டை எழுத்து. நவம்பர் ஒன்பதாம் தேதி வரியில் மட்டும் கோணல் கோணலாக வேறு எழுத்து இருந்தது. 54. மணி 4.20. வேர்த்தது. கருப்பட்டி.

"இது நீ எழுதினதா?"

"ஆமா. அவ உறங்கிக்கிட்டு இருந்தா, எழுப்பல. கை நடுங்கிச்சு. குத்திப் பாத்துட்டுக் கருப்பட்டியத் தின்னேன்."

புது நோட்டு முழுக்க அந்த ஒரு வரிதான் அப்படி. மற்றதெல்லாம் 120, 125 என்று ஒழுங்காக ஓடியது. 54ஐப் போட்டால் டாக்டர் இன்னும் மூன்று மாதம் சேர்த்துச் சொல்லுவார் என்று எனக்கே தெரிந்தது. கீபோர்டில் என் விரல் தயங்கினதை அவன் பார்த்துவிட்டான்.

"போடுங்க அண்ணாச்சி," என்றான். "அது இல்லாம கோடு வேண்டாம்."

போட்டேன். மற்றப் புள்ளிகளை விட்டுத் தனியாக, வெகு கீழே போய் உட்கார்ந்தது அது. கோடு அந்த இடத்தில் லேசாகச் சரிந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைக்கும்போது உள்ளே ஒரு கட்டு மெழுகுதிரி இருந்தது தெரிந்தது.

"அல்போன்சா வாங்கிட்டு வரச் சொன்னாளா?"

"அவளுக்குத் தெரியாது. வருசக் கடைசி வரைக்கும் எதுக்கு வச்சிருக்கணும்? இன்னைக்கே அவளையும் கூட்டிட்டுப் போய்க் கொளுத்திரலாம்னுதான். பன்னெண்டு இருக்கு."

"காலண்டர்ல பதினொண்ணுதானலே?"

"ஒண்ணு நல்லக்கண்ணு அண்ணனுக்கு," என்றான். "அந்த ரெண்டு நிமிசத்துக்கு யாரும் நேரலியே."

மழை தூறலாகக் குறைந்திருந்தது. பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினான். மூன்றாவது வீட்டு வாசலில் நின்று, "ஏளா அல்போன்சா," என்று அவன் கூப்பிட்டது என் கடை வரைக்கும் கேட்டது.